புதன்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை

போன வாரம் என் பேத்தி பாரீசுக்கு நாலு நாள் போய்வரத் திட்டம் போட்டாள். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முதல் விசிலில் விமானம், இரண்டாவதில் தங்குமிடம், மூன்றாவதில் என்னென்ன பார்ப்பது என்பது. பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பாட்டி, சாதம் ஆச்சா?" என்றாள். எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை, பாவம். எழுபது வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் அதே நாலு நாளைக் கழிக்க எங்கள் வீட்டில் ஏழு மாதம் திட்டம் போட்டார்கள். அந்த ஏழு மாதத்தின் மேல் வந்த எரிச்சல் அது.

சாப்பிட்ட கையோடு கட்டிலுக்கடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பெட்டியில் உருண்டை போட்டே முப்பது வருஷம் இருக்கும். வாசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது. அடியில் அந்தத் தாள் இருந்தது. அப்பாவின் குண்டுகுண்டான பென்சில் எழுத்து. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நாலு கட்டம்.

அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அப்பா நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிற அதிகாரியிடம், எழுத்தராக இருந்தார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, சைகோனில் வேலை பார்த்துவிட்டு பிரான்சின் மர்சேய் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பிள்ளைகுட்டி கிடையாது. ஐம்பத்து மூன்றாம் வருஷக் கடைசியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணனும் அண்ணியும் கோடையில் வந்து இருந்துவிட்டுப் போகவேண்டும், கப்பல் டிக்கெட் என் பொறுப்பு, எனக்கு நாலு நாள் விடுப்பு இருக்கிறது, பாரீசைச் சுற்றிக் காட்டுகிறேன், எதையெதைப் பார்க்க ஆசை என்று எழுதுங்கள் என்று.

அப்பா பார்க்க ஆசைப்பட்டவை இருபத்தாறு. அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான், அவள் தம்பி.

மாமாவைத் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். தாயில்லாப் பிள்ளை. பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். சண்டை முடிந்ததும் பாரீசிலேயே தபால் பிரிக்கிற வேலைக்குப் போனார். அங்கேயே ஒரு வெள்ளைக்காரியைக் கல்யாணமும் செய்துகொண்டார். அவர் அனுப்பிய கல்யாணப் போட்டோவை அப்பா உறையோடு திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. அம்மா தம்பியைப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா கடிதம் வந்த அன்று சாயங்காலம் அப்பாவிடம் அவள், "ஒரு மணி நேரம் போதுங்க. பாத்துட்டு வந்துடறேன்" என்றாள். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. திட்டத்தில் இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார். முடியாது என்றே சொல்லியிருக்கலாம், எனக்கு ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குப் பதினெட்டு வயது. கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். பிரான்சின் ஆறுகளையெல்லாம் கிளை நதிகளோடு ஒப்பிப்பேன். எங்கள் அரசலாறு எங்கே புறப்படுகிறது என்று கேட்டால் முழிப்பேன். அங்கிருந்த கன்னியாஸ்திரீ ஒருவரிடம் பாரீஸ் வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். சிவப்பு அட்டை, உள்ளே மடித்து வைத்த பெரிய வரைபடம். அந்தப் படத்தைக் கூடத்தில் விரித்து நாலு மூலையிலும் அரிசிப்படி, உழக்கு, எதையெதையோ வைத்து அமுக்குவோம். எங்கள் விடுதி லியோன் ஸ்டேஷன் பக்கம் என்று சித்தப்பா எழுதியிருந்தார். அங்கே அப்பா ஒரு புளியங்கொட்டையை வைத்தார். மாமாவின் வீடு வடக்கே, வெள்ளைத் தேவாலயம் நிற்கும் மேட்டின் மேல். அங்கே அம்மா ஒரு குன்றிமணியை வைத்தாள்.

அப்பா பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

சூலம் பார்க்காமல் அப்பா பக்கத்தில் இருக்கும் அம்பகரத்தூருக்குக்கூடப் போகமாட்டார். பாரீசுக்கும் அதே சட்டம்தான். திங்களன்று கிழக்கே ஆகாது. செவ்வாயும் புதனும் வடக்கே ஆகாது. வியாழன் தெற்கே ஆகாது. சரி, ராகுகாலம்? அங்கே ஆனி மாதத்தில் ஒன்பது மணி வரை வெயில் அடிக்கும் என்று சித்தப்பா எழுதியதும் அப்பா பகல்பொழுதை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு ராகுகாலமும் இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிட்டார். ஒரு மனிதன் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிற இடத்தில் ராகுவுக்குத் தினம் அரைமணி கூடுதலாகக் கொடுத்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

திங்களன்று கிழக்கே ஒரு பழைய ராஜாவின் கோட்டை இருந்தது. அப்பாவுக்கு அதன்மேல் கண், திங்கள் முழுக்க அதற்கே வேண்டுமாம். தயிர் சாப்பிட்டுவிட்டுப் போனால் கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் என்றார். பாரீசில் தயிர் கிடைக்குமா என்று கேட்டு ஒரு கடிதம், கிடைக்கும் அண்ணா என்று ஒரு பதில், அதற்கு ஒரு மாதம். சரி, பால் குடித்துவிட்டுப் போனால் வடக்குச் சூலத்துக்கும் பரிகாரம்தானே, செவ்வாய்க்கிழமை மாமா வீட்டுக்குப் போகலாமே என்று நான் கேட்டேன். பரிகாரம் எல்லாம் அவசரத்துக்குத்தான் என்றார். கோட்டைக்கு என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேட்க முடியாது. வாசலில் போய் நின்று பல்லைக் கடித்துவிட்டு வந்தேன்.

அப்படியானால் வியாழக்கிழமை? அன்று வடக்கே போகத் தடையே இல்லை. அப்பா ஒரு வாரம் யோசித்தார். பிறகு விடுதியை மாற்றச் சொல்லிச் சித்தப்பாவுக்கு எழுதினார். அந்த ஸ்டேஷன் பக்கம் சத்தமாக இருக்குமாம், மேட்டுக்கு வடக்கே இருக்கும் அமைதியான பேட்டைதான் நல்லதாம். எழுதிவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்து, குன்றிமணிக்கு மேலே, வரைபடத்தின் ஓரத்துக்கே கொண்டுபோய் வைத்தார். இப்போது மாமாவின் வீடு தெற்கே வந்துவிட்டது. வியாழன் தெற்கே ஆகாது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

"அப்பா, மாமா வீடு இப்ப தெற்கால இருக்கு. அப்ப செவ்வா, புதன் ரெண்டு நாளும் போலாம்ல?"

அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை யாராவது ஒரு வீட்டுக்கு முதன்முதலாகப் போவார்களா என்றார். புதன் என்றேன். அன்று ராகுகாலம் மூன்று மணிக்கே முடிந்துவிடுகிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அப்பா பென்சிலை நாக்கில் தொட்டுப் புதன்கிழமைக் கட்டத்தில் எழுதினார். '4 – 5: ஓய்வு.'

மாமாவின் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை. அம்மா வந்து தாளை வாங்கிப் படித்தாள். "என்னமோ எழுதிக்கட்டும்" என்று என்னிடம் சொன்னாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் பொரித்திருந்தாள், விசேஷம் எதுவும் இல்லாமலே.

அதற்குப் பிறகு அம்மா நடந்த நடையே வேறு. புதன்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை என்று, அப்பாவுக்குத் தெரியாமல், என்னை விட்டு மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடச் சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா வீட்டிலிருந்து அப்பாவுக்குக் கம்பளிக் கோட்டு இரவல் வந்தது. அதைப் பங்குனி வெயிலில் போட்டுப் பார்த்து அவர் வியர்த்துக் கொட்டியதைப் பார்த்துக்கூட அவள் சிரித்தாள். மாவடு வந்த சமயம். பொறுக்கிப் பொறுக்கி ஒரு சின்ன ஜாடி போட்டாள். மாமாவுக்கு மாவடு இருந்தால் குழம்பே வேண்டாமாம். மூன்று வாரக் கப்பல் பயணத்தில் கெடாமல் இருக்க உப்பை எவ்வளவு கூட்டுவது என்று தெருவெல்லாம் விசாரித்தாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். கப்பல் வெள்ளிக்கிழமை காலை புதுச்சேரியில். அதற்குப் புதனன்று காரைக்காலை விட்டுப் புறப்பட வேண்டும். புதுச்சேரி வடக்கே. புதன் வடக்கே ஆகாது. அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே என்றார் அப்பா. நல்ல நாளில் பெட்டியைப் போகிற திசையில் இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றே புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். வடக்கே வரிச்சிக்குடியில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர் வீடு இருந்தது, அங்கே வைக்கலாம் என்றேன். பொறையாற்றில் உடன்பிறந்த அக்கா இருக்கும்போது குத்தகைக்காரர் வீட்டிலா என்றார். பொறையாறு நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம். அதாவது இந்திய எல்லைக்குள்.

திங்களன்று நல்ல நேரத்தில் பெட்டி மாட்டுவண்டியில் ஏறியது. பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், பெர்மிட்டு எல்லாவற்றையும் அப்பா பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினார். காகிதங்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சினேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"துணிமணி போனா பொறப்பட்டதா ஆயிடுமா? எது இல்லாம போக முடியாதோ, அதுதான் முதல்ல போவணும்."

திங்களன்று எல்லையில் வண்டிக்காரரைத் தெரியும் என்று பெட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டார்கள். பிரெஞ்சுக் கொடியை இறக்கு, இறக்காதே என்று சண்டை நடந்துகொண்டிருந்த சமயம் அது. செவ்வாயன்று கெடுபிடி முற்றிவிட்டது. புதன் காலை அப்பா, அம்மா, வழியனுப்ப நான், மூன்று பேரும் பூவத்தைத் தாண்டி ஆற்றங்கரையில் போய் இறங்கினோம். சாவடியில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தன்மையாகத்தான் பேசினார். காகிதத்தைக் கேட்டார். அக்கா வீட்டில் இருக்கிறது, அதோ தெரிகிற தோப்புக்குப் பின்னால்தான் வீடு என்று அப்பா கை காட்டினார்.

"கொண்டாந்து காட்டுங்க ஐயா, விட்டுடறேன்."

"நான் அங்க போனாத்தான கொண்டார முடியும்?"

"காட்டினாத்தான ஐயா போக முடியும்?"

இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் கொடுமை. அந்தப் பக்கம் போகிற ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பும்படி அத்தைக்குச் சொல்லியனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அத்தை அப்பாவுக்கு மேலே ஒரு படி. பரஸ்தானமாக வந்த பெட்டி புறப்பட்ட திசைக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் போனவர்களுக்கு ஆகாது, நான் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பூட்டை உடைத்துக் காகிதத்தை மட்டுமாவது அனுப்பச் சொல்லி மறுபடி ஆள் போனது. கூடப்பிறந்தவன் பெட்டியை உடைக்கிற குடும்பமா நம் குடும்பம் என்று பதில் வந்தது. அப்பாவுக்கு அப்போது அழுகை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அக்காவைக் குறை சொல்லவும் முடியவில்லை, அவரும் நம்புகிற அதே சாஸ்திரம்தானே.

அம்மா பகல் முழுவதும் வண்டியிலேயே மாவடு ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மோர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "தெரியுற தூரத்துலதான இருக்கு" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். பெட்டியைச் சொன்னாளா, தம்பியைச் சொன்னாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. இனிப் பயணமே இல்லையே, திரும்பலாமாம், நாளும் நல்ல நாளாம். கப்பல் காலையிலேயே போய்விட்டிருந்தது. அந்த வருஷமே கொடி மாறியது, பாஸ்போர்ட்டுகள் செல்லாமல் போயின, சித்தப்பாவும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா ஜாடியின் வாய்த்துணியை அவிழ்த்து அப்பாவுக்குத் தயிர்சாதத்தோடு இரண்டு மாவடு வைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

"அவனுக்குன்னு போட்டதுங்க" என்றாள் அம்மா.

அப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். அதோடு திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. சாகும்வரை சூலம் பார்த்தார். மாமாவுக்கு ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அவர் போன பிறகும் ஆறவில்லை, இப்போதும் ஆறவில்லை, இந்தத் தாளைப் பார்த்ததும் திரும்ப வந்துவிட்டது பாருங்கள்.

பத்து வருஷம் போல் கழித்து ஒரு விமானத் தபால் வந்தது. மாமா இறந்துவிட்டார் என்று அவர் மனைவி பிரெஞ்சில் எழுதியிருந்தார். நான் படித்துப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நீங்கள் வரவில்லை என்ற செய்தி முன்பே எங்களுக்குக் கிடைத்துவிட்டது, ஆனாலும் அந்தப் புதன்கிழமைக்கு எடுத்திருந்த விடுப்பை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, புதுச் சட்டை போட்டுக்கொண்டு நாலிலிருந்து ஐந்து வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார் என்று அதில் இருந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தினி மணின்னு எழுதியிருக்கா?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள்.

பேத்தியிடம் அவளுடைய திட்டத்தைக் காட்டச் சொன்னேன். புதன்கிழமை நாலு மணிக்கு என்ன என்று பார்த்தேன். கடைத்தெரு என்று இருந்தது. சரி, போய்வரட்டும்.

நண்டலாற்றில் இப்போது சாவடி இல்லை. அது இருந்த இடம்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பொறையாற்றுப் பஸ் பாலத்தைத் தாண்ட அரை நிமிஷம் ஆகிறது, கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. தடுக்க யாரும் இல்லை. போய்ப் பார்க்க மாமாவும் இல்லை, ஒரு மணி நேரம் போதும் என்று கேட்க அம்மாவும் இல்லை.