டோக்கனில் கீறிய புலி

என் பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன் சீரங்கப்பட்டணத்துக் கோட்டைச் சண்டையில் வெள்ளைக்காரனை எதிர்த்து வாள் பிடித்தவர்.

பொய். எங்கள் வம்சத்தில் வாள் பிடித்தவர் எவருமில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து தங்கச் சுரங்கத்தில் கடப்பாரை பிடித்தவர்கள்தான். நான் அதையும் பிடிக்கவில்லை, ஆட்டோ ஓட்டுகிறேன்.

இந்தப் பொய்யை என் மகளுக்கு ஆறு வயதில் சொன்னேன். சாட்சிக்கு ஒரு பதக்கமும் காட்டினேன். அது என் தாத்தாவின் பித்தளை டோக்கன். ஷிஃப்ட்டுக்கு இறங்கும்போது ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள், மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். தாத்தா தரவில்லை போலும். நான் அதிலிருந்த நம்பரை அரத்தால் தேய்த்து, ஆணியால் ஒரு புலி கீறினேன். பின்பக்கம் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்தது. மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அது என்னவென்று தெரியாது. "ராஜாவோட ரகசியக் குறி," என்று சொல்லி வைத்தேன்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. பதக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதி, பள்ளியில் முதல் பரிசு வாங்கிவிட்டாள். 'எல்லாம் நிஜம்' என்று கீழே கையெழுத்துப் போட்டது நான். திங்கட்கிழமை மேடையில் படிக்க வேண்டும், அதற்குக் கோட்டையில் எடுத்த போட்டோ வேண்டும் என்றார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, விடியக்காலை ரயிலில் கிளம்பினோம்.

எதிர் சீட்டில் ஐம்பது வயது ஆள் ஒருவர். மகள் பெருமையாகப் பதக்கத்தை நீட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தலைவா, நந்திதுர்க் சுரங்கத்து டோக்கன்ல பூனை வரைஞ்சி வெச்சிக்கீற? எங்க வூட்லயும் ரெண்டு கீது. பின்னாடி பாரு, என்னு, டி. நந்திதுர்க்."

"அது புலிங்க," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

மகள் டோக்கனை வாங்கிப் பைக்குள் போட்டாள். பெங்களூருவில் ரயில் மாறும் இடத்தில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த நாய்க்குப் போட்டாள்.

"திரும்பிப் போயிரலாமா பாப்பா?"

"எதுக்கு? வா. உங்க பாட்டன் எங்க நின்னு சண்ட போட்டாருன்னு காட்டு."

மத்தியான வெயிலில் கோட்டை முழுக்க நடக்க வைத்தாள். கால் வலி தாங்காமல் ஒரு சுவரைக் காட்டி, "இங்கதான்," என்றேன்.

"இது சிமெண்ட் சுவரு, நைனா."

"அப்போ அந்தப் பக்கம்."

"அது கக்கூஸு."

பிறகு என்னைக் கோட்டை வாசலில் நிறுத்தி, டோக்கனைத் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொன்னாள். "சிரிக்காத. திருடன ஸ்டேஷன்ல போட்டோ எடுக்கிறாப்பல நில்லு." எடுத்தாள். "என் கூட்டாளிங்க வூட்ல எல்லாம் இந்த டோக்கன் இருக்கும். பின்னாடி திருப்புனா போதும், மொத்த ஸ்கூலும் சிரிக்கும். நான் படிக்க மாட்டேன். கையெழுத்து போட்டது நீதானே? நாளைக்கு நீயே வந்து எச்செம்மு கிட்ட சொல்லு."

ஆகவே இப்போது எச்.எம். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய ரஃப் நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்தாலே எனக்கு மூத்திரம் முட்டும். மகள் பெஞ்சின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

திரும்பி வரும்போது ரயிலில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"நம்ம வூட்ல எவனாச்சும் நெஜமா எதுக்காச்சும் சண்ட போட்டுக்கீறானா?"

யோசித்தேன். ஒன்று ஞாபகம் வந்தது. தாத்தா ஒரு நாள் ஷிஃப்ட்டுக்குப் போனவர், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் ஏற மாட்டேன் என்று மேஸ்திரி முன்னால் டோக்கனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு—

"பொண்ணோட அப்பா யாருங்க?" பியூன் கதவைத் திறந்துவிட்டார். "மேடம் கூப்டறாங்க. உள்ள வாங்க."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"போ நைனா. பூனைய எடுத்துக்கினு போ."