நூலே கோணலாத் தொங்குது!

போன மாதம் ஒரு காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வரிகள் நடுவில் தொய்ந்து தெரிந்தன. இடது கண்ணை மூடினேன் — வரிகள் நேராயின. வலது கண்ணை மூடினேன் — அலை அலையாக நெளிந்தன!

கண் டாக்டர் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தார். தாடையை மெஷினில் வைத்து ஒரு பச்சைப் புள்ளியைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்கிரீனில் என் விழித்திரை, குறுக்கே வெட்டிய கேக் மாதிரி அடுக்கடுக்காக! அதன் அடி அடுக்கில் ஒரு சின்ன மேடு.

"இங்க நீர் கசிஞ்சி தூக்கிடுச்சி சார். அதான் கோடு வளையுது. ஊசி போட்டுப் பாக்கலாம், சீக்கிரமா வந்துட்டீங்க. வீட்ல வேற யாருக்காவது இப்பிடி இருந்திச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்... சட்டென்று அப்பா நினைவுக்கு வந்தார்.

மில்லில் ரிட்டயரான கையோடு மூலக்குளத்தில் வீடு கட்டினார் அப்பா. கொத்தனார் ராஜவேலு அவருடைய உயிர் நண்பர். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு இருவரும் ஒரே சைக்கிளில்தான் போவார்கள். பெடல் மிதிப்பதில் ஒவ்வொரு தடவையும் சண்டை வேறு. அந்தச் சிரிப்பெல்லாம் ஹால் சுவரோடு முடிந்தது.

"இன்னா ராஜவேலு, செவுரு வயித்தத் தள்ளிக்கினு நிக்குது?"

ராஜவேலு, சுவர் நேரா என்று பார்க்கும் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டுக் காட்டினார். நூலும் சுவரும் ஒட்டி நின்றன.

"யோவ், உன் நூலே கோணலாத் தொங்குதுய்யா!"

வேலையாட்கள் சிரித்தார்கள். நானும்தான். அப்பா ஒப்பவே இல்லை, இடிக்கச் சொன்னார். கரண்டியை வைத்துவிட்டுப் போன ராஜவேலு, திரும்ப வரவே இல்லை.

அப்பாவுக்கு இரண்டு முறை கண்ணாடி மாற்றினோம். கொஞ்ச காலத்தில் எதிரே நிற்பவர் முகமே தெரியாமல் போனது. வயசு என்றோம். தொங்கும் நூல் எப்படிக் கோணலாகும் என்று, படித்த எனக்காவது தோன்றியதா? நண்பர் பேரைச் சொல்லாமலே அப்பா போய்ச் சேர்ந்தார்.

முதல் ஊசி போட்ட மறுவாரம், ஸ்கேன் படத்தோடு அரியாங்குப்பம் போனேன். ராஜவேலு மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. படத்தில் அந்த மேட்டைக் காட்டி, "அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும் மாமா. உங்க செவுரு நேருதான்" என்றேன்.

அவர் படத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"செவுரு நேருன்னு எனக்குத் தெரியாதா தம்பி? கண்ணுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா... அவனுக்கு நேராத் தெரியற மாதிரி, கோணலாவே கட்டிக் குடுத்திருப்பனே!"