கால் விரலில் சுண்ணாம்பு

ஆரணியிலிருந்து வந்தவாசி போகிற சாலையில் எந்தப் புளியமரத்தடியில் காரை நிறுத்தலாம் என்பது எனக்கு மனப்பாடம். பட்டு வியாபாரி ஒருவரிடம் டிரைவராக இருக்கிறேன். ஒதுங்கப் போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும்.

உடம்புச் சூடு என்றாள் என் மனைவி கன்னியம்மா. தினமும் என் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவினாள். எங்கள் பக்கத்தில் நீர்க்கடுப்புக்கு அதுதான் முதல் வைத்தியம்.

முதலாளிக்கும் அதே தொல்லை என்பது, அவரைத் தனியார் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனபோதுதான் தெரிந்தது. அவருக்குப் பரிசோதனை, ஸ்கேன், புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கியிருக்கிறது என்று பொறுமையான விளக்கம், மாத்திரை எல்லாம் கிடைத்தன. கூச்சத்தை விட்டு நானும் என் கஷ்டத்தைச் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்டார் டாக்டர். காலனி என்றேன்.

"குடிப்பியா?"

பீடிகூடத் தொடாதவன் நான். அவர் என் காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரே நோய், ஒரே டாக்டர், ஆளுக்கொரு நியாயம்.

சொன்னபடி குடித்தேன். ஒரு காலையில் சொட்டுகூட வெளியே வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியது. முதலாளியே காரை ஓட்டி, பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதை நான் மறக்க மாட்டேன்.

அங்கிருந்த இளம் டாக்டர் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட்டார். போன உயிர் திரும்பி வந்தது. பிறகு என் கால் விரலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எத்தினி மாசமா இதத் தடவிகினு இருக்கீங்க?" என்று கன்னியம்மாவிடம் கேட்டார்.

பொங்கலிலிருந்து என்றாள். அப்போது ஆடி நடந்துகொண்டிருந்தது.

"அப்ப பொங்கல்லேர்ந்தே அடைப்பு இருக்குதும்மா. இன்னும் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

கையுறை மாட்டிக்கொண்டு, ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைச் சோதித்தார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று சொல்லிக்கொண்டே செய்தார். வெட்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த எனக்கு அழுகை வந்தது. வலியால் அல்ல. என்னையும் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டார்.

வேறு பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தார்கள். சில நாள் ரத்தம் கலந்து போனது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

இதே தொல்லை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். சோதிக்காமல் அனுப்பினால் எழுந்து வராதீர்கள். தொட்டுப் பாருங்கள் என்று கேளுங்கள்.

நேற்று வந்தவாசிக்குப் போனோம். புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. எனக்கு அவை வெறும் மரங்கள். பெரணமல்லூர் தாண்டியதும், இன்னும் மாத்திரையிலேயே காலம் தள்ளும் முதலாளிதான், "கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார்.

நிறுத்தினேன். அவர் திரும்பி வரும்வரை காரிலேயே நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.