இடது பக்கம் மட்டும் மங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பு சாப்பிட வா என்று சிவகாசியிலிருந்து செல்வம் கூப்பிட்டான். விருதுநகரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினால்... முதலில் பாட்டுக் கேட்க வேண்டுமாம். அப்புறம்தான் இலை போடுவார்களாம்!

செல்வம் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். தாயில்பட்டி பக்கம் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறான். வருஷம் முழுக்க வெடிச் சத்தத்தோடு வாழ்கிறவனுக்குப் பொழுதுபோக்கு என்ன தெரியுமா? துல்லியமான இசை. மாடியில் அதற்கென்றே ஓர் அறை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். எதிரே ஒரே ஒரு நாற்காலி — அதில் அவன் மட்டும்தான் உட்காருவான். விருந்தாளிக்குத் தரை.

அன்றைய விசேஷம், புதிதாக வந்திருந்த ஒரு 'டாக்'. பயப்படாதீர்கள், எனக்கும் அன்றுதான் தெரியும். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறதாம். அதை ஸ்பீக்கர் பாடுகிற மாதிரி மாற்றித் தருகிற பெட்டிதான் டாக். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும்.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?

"அதுல இடது பக்கம் மங்கலா இருக்குலே. வயலின்காரர் போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்குது" என்றான்.

பரிசோதனை ஆரம்பித்தது. எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியாதபடி ஒரு துண்டு போட்டு மூடிவிட்டு, அவன் மனைவி மல்லிகா வயரை மாற்றி மாற்றிச் செருகினார். பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகத்தைத் தனியாளாக நடத்துகிறவர் அவர். எங்கே தப்பு என்று தேடிப் பிடிக்காமல் விடமாட்டார்.

எனக்கு? இரண்டும் ஒன்றுதான்! ஆனால், அதைச் சொன்னால் குழம்புக்கு ஆபத்து. கண்ணை மூடிக்கொண்டு, பெரிய ரசிகனைப் போல் தலையாட்டி வைத்தேன்.

செல்வத்தின் முகம் சுருங்கியது. "புதுசுலயும் இடது பக்கம் மங்கல்தான். திருப்பி அனுப்பிட்டு வேற ஆர்டர் போடணும்."

மல்லிகா விடவில்லை. "ரெண்டும் வேற வேற கம்பெனிங்க. சொல்லி வச்ச மாதிரி ரெண்டும் இடது பக்கமாவா கெட்டுப்போகும்?"

ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான் மங்கல். ஸ்பீக்கர்களையே இடம் மாற்றினோம். என் இடுப்பு போனதுதான் மிச்சம். அதே இடது!

"எந்திரிங்க. நாற்காலியத் திருப்பிப் போட்டு, சொவரைப் பாத்து உக்காருங்க" என்றார் மல்லிகா.

சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது.

"ஏலே... இம்புட்டு நேரம் நல்லா பாடுன ஸ்பீக்கர் மங்கிருச்சு. மங்கலா இருந்தது தெளிவாப் பாடுது..."

புரிகிறதா? பெட்டியிலும் குற்றமில்லை, ஸ்பீக்கரிலும் குற்றமில்லை. நாற்காலி திரும்பியபோது மங்கலும் அவன் கூடவே திரும்பிவிட்டது. போயிருந்தது அவனுடைய இடது காது.

ஒரு காதை மூடினான். இன்னொரு காதை மூடினான். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்பதற்காகவே ஓர் அறை கட்டியவன் அவன்.

அது ஏன் இடது மட்டும்? மல்லிகா சொல்லித்தான் தெரிந்தது. கம்பெனிக்குப் பின்னால், பொட்டலில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். சரக்கு வாங்குகிற வடநாட்டு ஏஜென்ட் போனில் இருப்பார். சத்தத்தைக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஆக, இவனுடைய வலது காதில் போன். இடது காது வெடிப் பக்கம். வருஷக்கணக்காக இப்படித்தான் நின்றிருக்கிறான்.

"ஒரு பஞ்சாவது வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தன் சரக்குக்கு மொதலாளியே காதைப் பொத்துனா, பாக்கிறவுக சிரிக்க மாட்டாகளாலே?"

அதுதான் அங்கே எழுதாத சட்டம். முதலாளி என்றால் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்க வேண்டும்!

மறுநாளே மதுரையில் காது டாக்டரைப் பார்த்தான். "போனது திரும்பாது. இருக்கிற காதையாவது காப்பாத்துங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வியாழக்கிழமை மறுபடி சாம்பிள். துணைக்கு வா என்றான். பட்டாசுக்காரனுக்குப் பட்டாசு வெடிக்கத் துணை! சட்டைப் பையில் காதுக்கு வைக்கிற ஸ்பஞ்ச் இருந்தது. எடுப்பதும், வேலையாட்களைப் பார்ப்பதும், திரும்பப் பையில் போடுவதுமாக இருந்தான். வெடிக்குப் பயப்படாத மனுஷன், பஞ்சுக்குப் பயந்தான்.

போன் அடித்தது. ஏஜென்ட்தான். பழக்கதோஷத்தில் வலது காதுக்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. "ரெக்கார்டு பண்ணி அனுப்புறேங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான். திருட்டு முழி முழித்துக்கொண்டே இரண்டு காதிலும் ஸ்பஞ்சைத் திணித்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

ஃபோர்மேன் முத்துராஜ் இரண்டு விரல்களைக் காதில் விட்டார். வேப்பமரத்தடியில் நின்ற பெண்கள் முந்தானையை இழுத்துக் காதைப் பொத்தினார்கள். பின்னால் நின்றவர்களும் பொத்தினார்கள். அத்தனை பேரும் இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் திரி பற்றவைத்தார்கள்.

புகை அடங்கியதும் முத்துராஜிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா நீங்க ஏன் பொத்தலை?"

"மொதலாளி பொத்தாம நிக்கையில, நாங்க பொத்துனா மரியாதையாவா இருக்கும் சார்? எனக்கும் ரெண்டு வருசமா ஒரு பக்கம் கேக்கலை."

பக்கத்திலேயே நின்ற செல்வத்துக்கு அது விழவில்லை. காதில்தான் ஸ்பஞ்ச் இருக்கிறதே!

அதை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினேன். முத்துராஜையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சில வார்த்தைகளை, மிச்சமிருக்கிற காதாலாவது கேட்டுவிட வேண்டும்.