ஐந்து மணி நேரம் என்று தந்தி கொடுத்தவன்

என்னைப் பெற்ற அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதற்கு நான் அனுப்பிய தந்திதான் காரணம். அதை மறைத்துவிட்டு, என் துஆ கபூலானதை, வேண்டுதல் ஏற்கப்பட்டதை மட்டும் உங்களிடம் சொன்னால் அது பாதிப் பொய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் ஒரு நாள், "தஞ்சாவூர் போயிட்டு சாயங்காலம் வந்துடுறேங்கத்தா" என்று திருச்சி தென்னூர் வீட்டில் சொல்லிவிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவன் நான். ஒன்பது வருஷம் ஒரு கடிதம் போடவில்லை. தொழுகையையும் விட்டேன்.

அறுபத்திரண்டில் தங்கச்சி மாப்பிள்ளை யாரிடமோ விலாசம் வாங்கித் தந்தி அடித்தார். அத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வரவும்.

விமானக் கம்பெனிக்கு ஓடினேன். சென்னை ஆயிரத்து எண்ணூறு மைல், ஐந்தே மணி நேரம் என்றார்கள். கப்பலில் ஒரு வாரம் கிடந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. டிக்கெட்டைக்கூடக் கேட்காமல் தபாலாபீசுக்குப் போய், 'விமானத்தில் வருகிறேன், ஐந்து மணி நேரம்தான்' என்று தந்தி கொடுத்தேன். திரும்பக் கம்பெனிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. இன்னொரு தந்தி கொடுத்திருக்கலாம். எப்படியும் போய்விடுவோமே என்று விட்டுவிட்டேன். பாவி.

விமானத்தில் உட்கார்ந்ததும் பயம் பிடித்தது. இத்தனை வருஷம் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைக்காதவன், அதிகம் கேட்க வெட்கமாக இருந்தது. "யா அல்லாஹ், அத்தா முகத்தை மட்டும் காட்டிவிடு" என்று வழி நெடுக அழுதேன்.

சென்னையில் இறங்கினால், திருச்சி விமானத்தில் இடமில்லை என்றார்கள். கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் வரவில்லை. அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அல்லாஹ்வின் உதவி இல்லாமல் வேறென்ன?

வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தை மூடப் போன கையை நிறுத்தினார்கள். பார்த்தேன்.

அம்மா என்னைத் தொடவில்லை. "தந்தியைப் படிச்சதுலேர்ந்து அத்தா மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பொழுது சாஞ்சதும், 'அவன் சொன்ன நேரத்துக்கு என்னிக்கு வந்திருக்கான்'னு திரும்பிப் படுத்தவங்கதான். அப்புறம் வாசலைப் பாக்கவே இல்லை" என்றார்.

அத்தாவுக்காகத் தொழவைப்பதற்கு முன் மூத்த பிள்ளை எழுந்து நிற்பது எங்கள் வழக்கம். நின்றேன். "எங்க அத்தா யாருக்காவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுப் பொருந்திக்கங்க" என்று கூடியிருந்த ஜமாஅத்தைக் கேட்டேன். எல்லோரும் பொருந்திக்கொண்டார்கள். என்னைப் பொருந்திக்கொள்ள வேண்டியவர் மட்டும் சந்தூக்குப் பெட்டியில் படுத்திருந்தார்.

நான் திரும்பச் சிங்கப்பூர் போகவில்லை. ஐந்து வேளையும் பள்ளிவாசலில்தான் இருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரர்களே, நம்பிக் கேளுங்கள், அவன் கொடுப்பான். ஆனால் வெட்கப்பட்டுக் குறைத்துக் கேட்காதீர்கள். நான் முகத்தை மட்டும் கேட்டேன். முகத்தை மட்டும் கொடுத்தான்.