எனக்காகப் பேசிய வாய்

செகந்திராபாத் பக்கம் சனத்நகரில் ஒரு பொதுத்துறை தொழிற்சாலையின் டெலிபோன் போர்டில் நான் ஆபரேட்டராக இருந்தேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. பார்வையற்றவர்களுக்கென்று அங்கே ஒதுக்கிய முதல் இடம் என்னுடையது. நான் ஒழுங்காக வேலை பார்த்தால் இரண்டாவது இடமும் வரும் என்று ஆள் எடுக்கும் பெர்சனல் அதிகாரி சொல்லியிருந்தார். அந்த இடத்துக்காக, நான் படித்த பள்ளியிலேயே டெலிபோன் பயிற்சி முடித்த ஒரு பெண் காத்திருந்தாள். அவளுக்கும் பார்வை இல்லை. லாலாகுடாவில் நான் இருந்த என் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து, ஏதாவது தெரிந்ததா அண்ணா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. யாராவது கூப்பிட்டால் போர்டில் ஒரு சின்ன ஷட்டர் டக்கென்று விழும். தடவிப் பார்த்து, கார்டு என்கிற இணைப்பு வயரை அங்கே செருகிப் பேச வேண்டியதுதான். என்னைப் படுத்தியது பக்கத்து ஆபரேட்டரின் அன்பு. செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரன், தங்கமானவன். நான் கையை நீட்டுவதற்குள் கார்டைப் பிடுங்கிக்கொள்வான். நக்கோ அண்ணா, வேண்டாம், நீங்க சும்மா உக்காருங்க என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு முறை திட்டியும் பார்த்தேன். சிரித்துவிட்டு டீ வாங்கி வந்தான்.

அந்த வருஷம் ஆள் குறைப்புப் பேச்சு கிளம்பியது. யாருக்கு எவ்வளவு வேலை என்று அளக்க, தலைமை அலுவலகத்திலிருந்து ஸ்டாப்வாட்சோடு ஆட்கள் வந்தார்கள். முதலில் மெஷின் ஷாப், அப்புறம் ஸ்டோர்ஸ். அவர்கள் வந்துபோன இடங்களில் ஆட்கள் குறைந்தார்கள். கேன்டீனில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. வராந்தாவில் புது ஷூ சத்தம் கேட்டாலே ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவேன். அவர்கள் வரும் நாளில் என் கார்டுகளைத் தொடக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ஹவ் அண்ணா என்று ஒப்புக்கொண்டான்.

ஒரு காலையில் எங்கள் போர்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி தமிழர். என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்டாப்வாட்ச் ஓடும் சத்தம் என் பிடரியிலேயே கேட்டது. ஷட்டர்கள் விழுந்தன, நான் செருகினேன், ஒன்றும் தவறவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவனும் எதையும் தொடவில்லை. பிழைத்தோம் என்று நினைத்த நேரத்தில் ஜெனரல் மேனேஜருக்கு டெல்லியிலிருந்து டிரங்க் கால் வந்தது. லைன் அறுந்து அறுந்து போனதால் நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பேச வேண்டியிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து அதிகாரி அவனிடம் மெதுவாகக் கேட்டார்: "இவருக்கு வேலை கஷ்டமா இருக்காதா?"

"கஷ்டமா? நாங்க எதுக்கு சார் இருக்கோம்? அண்ணனை ஒரு வேலையும் செய்ய விடறதில்ல. இன்னைக்கு நீங்க வந்ததாலதான் போர்டுல உக்காந்திருக்காரு. மத்த நாள் எல்லாம் நானே பாத்துக்குவேன்."

பொய். நாளைக்கு நாலைந்து கால்தான் அவன் பிடுங்குவான், மீதியெல்லாம் என் கைதான். ஆனால் அவன் பெருமையாகத்தான் சொன்னான். எனக்கோ காதில் டெல்லி. திரும்பி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பின்னால் ஸ்டாப்வாட்ச் நின்றது.

"ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு" என்றார் அதிகாரி. நாற்காலி நகர்ந்தது, ஷூ சத்தம் வெளியே போனது. நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னதெல்லாம், பாவம், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறான் என்றுதான் அவர்கள் காதில் விழுந்தது.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ரிசப்ஷனில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். சம்பளம் வந்தது, வேலை வரவில்லை. போர்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஷட்டர் விழும்போதெல்லாம் என் கை தானாக எழும், நான் அதை இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

இரண்டாவது இடம் ரத்தாகிவிட்டதை அவன்தான் வந்து சொன்னான். இருக்கிற ஆளுக்கே வேலை இல்லை என்று காரணம் சொன்னார்களாம். என் கையில் டீ கிளாஸை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாவம் அண்ணா அந்தப் பொண்ணு. குடுத்திருக்கலாம். அது வேலையையும் நானே பாத்திருப்பேன்."