எண்ணெய் குடித்த கல்

நல்லெண்ணெயும் மஞ்சளும் ஈரக் கல்லில் கலந்தெழும் வாசம், பாரிசில் ரூ பஜோல் என்ற தெருவில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தின் முற்றத்துக்கே இன்றும் என்னைக் கொண்டுபோய்விடும். முற்றத்து மூலையில், எல்லோரும் "அத்தெலியே" என்று சொன்ன பட்டறையில், வயதான போலந்துக்காரச் சிற்பி ஒருவர் வேலை செய்தார்; எங்களுக்கு அவர் வெறும் "மதாம்". போரில் வீட்டாரை இழந்து இளம்பெண்ணாகப் பாரிசுக்கு வந்தவர், கல் வாங்க வழியில்லாத காலத்தில் ஓவியம் தீட்டி, பிறகு கல்லுக்கு மாறி, கண் மூக்கு இல்லாத உருவங்களையே செதுக்கினார். முகம் ஏன் இல்லை என்று கேட்டால், மறந்துபோனதைப் பொய்யாகச் செதுக்கக் கூடாது என்பார்.

ஓர் ஆவணியில், நெடுங்காலத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு கண்காட்சி வாய்த்தது. இடுப்பளவு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் ஒன்றை உச்சி உருண்டையாக இழைத்து முடித்து, லொறி வரும்வரை முற்றத்தில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அன்று எங்கள் தெருவில் பிள்ளையார் தேர். புதுக் கார் வாங்கினாலும் பூசை செய்யாமல் ஏறாத என் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "நல்ல காரியத்துக்குப் போற கல்லு, வெறுமையாப் போகக் கூடாது" என்று எண்ணெய்ப் போத்தலை என்னிடம் தந்து, கல்லை முழுக்காட்டி, மஞ்சள் பூசி, குங்குமமும் வைத்தார். நானும் சந்தோசமாகத்தான் ஊற்றினேன்.

திரும்பிவந்த மதாம் ஏசவில்லை. கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏன் என்று என்னிடம் பிரெஞ்சில் கேட்டார், சொன்னேன். "அது என் அம்மா என்று உன் அம்மாவிடம் சொல்" என்றார். நான் தமிழில் சொன்னதும் அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

லொறி வெறுமையாகப் போனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று அப்பா மெல்லச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மா சவர்க்காரமும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தார்; தேய்க்கத் தேய்க்கக் கறை படர்ந்தது. உளி பிடிக்கக் கை ஏலாமல் மதாம் மறுபடி ஓவியத்துக்கே போனார். அதுவே அவருடைய கடைசிக் கல் என்று தெரிந்தபின் அம்மா முற்றத்தால் நடப்பதையே தவிர்த்தார். எனக்கும் அவர் வாசலில் போய் நிற்க முகமில்லை.

இப்போது நாங்கள் பாரிசுக்கு வெளியே எபினேயில் இருக்கிறோம். அத்தெலியே இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. மதாம் காலமானபின் அந்தக் கல்லையே அவர் கல்லறையில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன மாதம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெயிலும் மழையும் மஞ்சளையும் குங்குமத்தையும் தடமில்லாமல் கொண்டுபோயிருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லைச் சுற்றிவந்து, உச்சியில் கறுத்திருந்த இடத்தில் கையை வைத்தார்.

"மஞ்சள் போயிட்டுது பிள்ளை. எண்ணெய்தான் இன்னும் நிக்குது" என்று சொல்லி, குளிர்கோட்டின் கையால் அந்த இடத்தைத் துடைக்கத் தொடங்கினார்.